பூந்தமல்லியில் ஒரு 'நாடி' யாத்திரை

பூந்தமல்லி என்றதும் சென்னைக்காரர்களுக்கு என்ன நினைவு வரும்? பஸ் மாறுகிற இடம்! காஞ்சிபுரம் போகிறவர்கள், பெங்களூர் போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவுதான். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த ஊரிலேயே குடித்தனம் செய்யும் எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

பூவிருந்தவல்லி என்பதுதான் முழுப் பெயர். பேச்சில் தேய்ந்து பூந்தமல்லி ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவ முகாம் இருந்த ஊர் என்பார்கள். எங்களுக்கு அதைவிடப் பெருமை, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்பது. ராமானுஜருக்கே குருவாக நின்றவர். இங்கே நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டி, காஞ்சி வரதராஜனுக்கு நடந்தே கொண்டுபோய்ச் சாத்துவாராம். காஞ்சிபுரம் இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 1300 அடி என்று வைத்தாலும் ஒரு வழிக்கே 65,000 அடி ஆகிறது! என் மகள் வாங்கிக் கொடுத்த கை வாட்ச் என்னை ஒரு நாளைக்கு 8,000 அடி நடக்கச் சொல்லி நச்சரிக்கும் போதெல்லாம் எனக்கு நம்பிகள் ஞாபகம்தான் வரும்.

அந்த வாட்ச்சின் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2023 நவம்பர் 4-ஆம் தேதி தமிழக அரசு 38 மாவட்டங்களிலும் '8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை' ஒன்றைத் தொடங்கி வைத்தது நினைவிருக்கும். டி.வி.யில் அதைப் பார்த்துவிட்டு என் மகள், "அம்மா, நீயும் நட" என்று பிடித்துக்கொண்டாள். அடுத்த பிறந்த நாளுக்கு ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு 'ஃபிட்னெஸ் பேண்ட்' வந்து இறங்கியது. எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம், நாடி நிமிஷத்துக்கு எத்தனை என்று எல்லாம் காட்டுமாம். பின்பக்கம் பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரியும். நான் ஆசையாகத்தான் கட்டிக்கொண்டேன்.

நாலாம் நாளே வந்தது வினை! காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகக் கையைப் பார்த்தால் 148! தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தாறு வயதுக்காரிக்கு, நின்ற இடத்தில் நின்று குக்கர் தேய்ப்பதற்கா 148? உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் 90 என்றது. அப்பாடா என்று எழுந்து துணியைப் பிழிந்தால் 156. போச்சு! எனக்கு ஏதோ வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். சாயந்திரத்துக்குள் கை கால் எல்லாம் உதறல். வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்ததும் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னும் என்னென்னவோ எடுத்தார்கள். பில் நாலாயிரத்தைத் தாண்டியது. எல்லாம் நார்மல்! பாத்திரம் தேய்த்ததற்கு நாலாயிரமா என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மறுநாள் அவரிடம் புலம்பினேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு வாழைக்காயை எடுத்து வந்தார். என் வாட்ச்சைக் கழற்றி அதன்மேல் கட்டினார். ஒரு நிமிஷம் கழித்து, "இந்தா, பாரு கண்ணு" என்று நீட்டினார். 84 என்று காட்டியது! வாழைக்காய்க்கு நாடி 84! எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம்பாதவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். சில வாட்ச்கள் ஒழுங்காக 'கை இல்லை' என்று கோடு போடும். பல வாட்ச்கள் வாழைக்காய்க்கும், சுருட்டின துண்டுக்கும்கூடக் கூசாமல் ஒரு நம்பர் சொல்லும்.

"இது நாடியைத் தொட்டுப் பார்க்கறதில்லைம்மா, வெளிச்சத்தைப் பார்க்குது" என்றார் நர்ஸம்மா. அவர் சொன்னதையும், பிறகு என் மகளை விட்டுப் படித்துக் காட்டச் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரத்தம் சிவப்பு. அதனால் பச்சை வெளிச்சத்தை அது நன்றாக விழுங்கிவிடும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் உள்ள சின்னச் சின்னக் குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடும். அப்போது திரும்பி வருகிற பச்சை வெளிச்சம் கொஞ்சம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை வாட்ச் எண்ணுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் கணக்கு சரியாகத்தான் வரும். கையை ஆட்டினால்தான் வம்பு. வாட்ச் தோலை விட்டு எழும்பி எழும்பி உட்காரும், வெளி வெளிச்சம் உள்ளே புகும், தோலுக்கடியில் ரத்தமும் குலுங்கும். தேய்க்கிற தாளத்தையே நாடி என்று அது எடுத்துக்கொள்ளும்! எனக்கு 148 வந்தது இதயத்தாலே இல்லை, தேங்காய் நாராலே.

நர்ஸம்மா கையோடு எனக்கு நாடி பார்க்கவும் கற்றுக் கொடுத்தார். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தினால் துடிப்பு நின்றதுபோல் ஆகிவிடும். கட்டைவிரலால் மட்டும் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, நம் நாடியா அதன் நாடியா என்று குழம்பிப் போவோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். துடிப்பு ஒரே சீராக இல்லாமல் விட்டு விட்டு வந்தால் முழு 60 விநாடியும் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வழக்கத்தைவிடப் பத்து, இருபது கூடும். பிறந்த குழந்தைக்கு 100-க்கு மேல், 160 வரைகூட இருக்கும். பெரியவர்கள் கணக்கை வைத்துக்கொண்டு இளம் தாய்மார்கள் பயந்துவிடக் கூடாது.

எண்ணிப் பார்ப்பது என்ன பெரிய வித்தை என்று நினைக்காதீர்கள். 1707-இல் இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாயர் என்ற டாக்டர் நாடி எண்ணுவதற்காகவே ஒரு நிமிஷம் மட்டும் ஓடி நிற்கிற கடிகாரம் ஒன்றைச் செய்ய வைத்தார். அந்தக் காலத்துக் கடிகாரங்களில் விநாடி முள் இருப்பதே அபூர்வம். நம் சித்த வைத்தியர்களோ மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்த்தார்கள். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. அது வேறு கணக்கு, இதில் கலக்க வேண்டாம்.

சரி, வாட்ச் எங்கே சரி, எங்கே தப்பு என்று நானே பார்த்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். செவ்வாய் ஏன் என்றால், எங்கள் ஊர் வைத்தீஸ்வரன் கோயில் செவ்வாய்க்கு உகந்தது. சென்னையைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களில் செவ்வாய் தலம் இதுதான். வைத்தியநாதன் சந்நிதிக்குப் போகிறோம், நாடியையும் பார்த்தாற்போல் ஆயிற்று! இடது கையில் வாட்ச், பையில் மகனின் பழைய கணக்கு நோட்டு, ஒரு பென்சில், அப்பாவின் விநாடி முள் வைத்த கைக்கடிகாரம். கரையான்சாவடியில் நடையைத் தொடங்கினேன்.

காலை ஆறு மணிக்கே டிரங்க் ரோடு விழித்துவிடும். தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மெரினா கலங்கரை விளக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் போட்ட பாதை. கீழே டீக்கடை, பால் வண்டி, கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற சின்னப் பெண்கள். வீசி நடந்தேன். பத்து நிமிஷத்தில் வாட்ச்சில் 118. ஒரு கடை வாசலில் நின்று உடனே விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன்: 24. நாலால் பெருக்கினால் 96. (நின்ற பிறகு நாடி மளமளவென்று இறங்கிவிடும், அதனால் இங்கே 15 விநாடிதான்.) பிறகு ஒரு சந்தேகம் வந்தது. மறுபடி நடந்து என் காலடிகளையே ஒரு நிமிஷம் எண்ணினேன். 116! ஆக, வாட்ச் என் நாடியை எண்ணவில்லை. என் செருப்பை எண்ணிக்கொண்டிருக்கிறது!

இது என் வாட்ச்சுக்கு மட்டும் வந்த வியாதி இல்லையாம். நடையின் தாளத்தை நாடியாகப் பிடித்துக்கொள்வது இந்த வகை வாட்ச்களுக்கு வரக்கூடிய பழக்கம்தான். 2020-இல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தார் 53 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஓய்வில் இருக்கிற போதைவிட உடம்பு அசைகிறபோது தவறு சராசரியாக 30 சதவீதம் அதிகமாக இருந்ததாம். கறுப்புத் தோலுக்கு ஒத்துவராது என்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா? அந்தச் சோதனையில் தோல் நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினால் மை வெளிச்சத்தை மறைத்துவிடும்.

பஸ் ஸ்டாண்ட் அருகே ரோட்டைத் தாண்டுவது இருக்கிறதே, அதுவே ஒரு தேகப் பயிற்சி! மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்றேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. விரல் கணக்கு 112. வாட்ச்சோ சாவகாசமாக 84 என்றது. அரை நிமிஷம் கழித்து, என் படபடப்பு அடங்கிக்கொண்டிருக்கும்போது, அது நிதானமாக 108-க்கு ஏறியது. நேற்றைய பேப்பரை இன்று படிக்கிற மாதிரி!

பூக்கடையில் நிற்கும்போது அதில் இரண்டு கோடுதான் தெரிந்தது, நம்பரே இல்லை. பார்த்தால் என் கண்ணாடி வளையல்கள் வாட்ச்சைத் தள்ளி மணிக்கட்டு எலும்பின் மேல் ஏற்றியிருந்தன. இது நமக்கென்றே உள்ள தொல்லை. இதைச் செய்தவர்களுக்கு வளையல் என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது! வளையலை வலது கைக்கு மாற்றி, வாட்ச்சை எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே தள்ளி, அசையாமலும் அதே சமயம் தோல் சிவக்காமலும் இறுக்கினேன். உடனே நம்பர் வந்தது.

வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தால் வெளியிலிருக்கும் பஸ் இரைச்சல் எங்கே போனது என்று தெரியாது. புஷ்பவல்லித் தாயார் சந்நிதியில் நின்றாலே மனசு குளிர்ந்துவிடும். தாயார் பெயரிலும் பூ, ஊர்ப் பெயரிலும் பூ! நம்பிகளைச் சேவித்துவிட்டுப் பிராகாரத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எண்ணினேன். விரலில் 80. வாட்ச்சில் 82. குற்றமே சொல்ல முடியாது. அங்கிருந்து வைத்தீஸ்வரன் கோயில். செவ்வாய்க்கிழமைக் கூட்டம். தையல்நாயகி சந்நிதியில் வரிசையில் நின்றபோது விரலில் 88, வாட்ச்சில் 87. நின்றால், உட்கார்ந்தால் சரி. நடந்தால், ஓடினால் தப்பு. நோட்டில் இப்படித்தான் எழுதிக்கொண்டு வீடு திரும்பினேன்.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தேன். எங்கள் ஊரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இருக்கிறது. ஒரு பையன் மடியில் புத்தகத்தை வைத்து, விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அத்தனை வேகம்! புள்ளி எவ்வளவு மேடு இருக்கும்? மணல் அளவு. அவன் விரலுக்கு அது போதும். என் விரலுக்கு என் நாடி கிடைக்கவே மூன்று நாள் ஆயிற்று.

மார்பில் பட்டையாகக் கட்டிக்கொள்கிற கருவிதான் ஓடுகிறவர்களுக்குச் சரி என்கிறார்கள். அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, ஈ.ஸி.ஜி. மாதிரி இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்காக உண்டானது. 1977-இல் தொடங்கின போலார் என்ற கம்பெனி 1982-இல் கம்பியில்லாத கருவியாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தது. பந்தயத்துக்குப் போகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும். ரவிக்கைக்குள் பட்டையைக் கட்டிக்கொண்டு கீரை வாங்கப் போக நம்மால் ஆகுமா? 'இத்தனை கலோரி கரைத்தாய்' என்று வாட்ச் காட்டுகிறதே, அதையும் நம்பி ஒரு மைசூர்பாகு கூடச் சாப்பிட்டுவிடாதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடியில் ஆறு கருவிகள் 5 சதவீதத் தவறுக்குள் வந்தன. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரி 27 சதவீதம் தவறு!

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதையாகப் போயிருக்கும். போன ஆடி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஆவடியிலிருந்து என் பெரிய நாத்தனார் வந்திருந்தார். வயது 58, சர்க்கரை உண்டு. மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மேல் வயிறு எரியுதும்மா, கேஸ்தான் போல" என்றார். தாடை வலிக்கிறது, பல் கூசுகிறது என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் மகள் ஓடிவந்து என் வாட்ச்சைக் கழற்றி அத்தை கையில் கட்டினாள். 78. அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்குக் காட்டிய நம்பர். நானும் விரல் வைத்து எண்ணினேன். அதே 78!

"நாடி நல்லா இருக்கு அண்ணி, பயப்படாதீங்க" என்று சொன்னது நான்தான். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். பதினொன்று, பதினொன்றரை என்று மணி போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" என்று கேட்டதற்கு, "வாட்ச்ல நார்மலா இருக்குங்க" என்று பதில் சொன்னதும் நான்தான். பிறகு வாந்தி எடுத்துத் துவண்டு போனார். அப்புறம்தான் 108-க்கு போன் செய்தோம். ஆஸ்பத்திரியில் ஈ.ஸி.ஜி. எடுத்த உடனேயே சொல்லிவிட்டார்கள், மாரடைப்பு.

ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார், அம்மன் புண்ணியம். மூன்றாம் நாள் டாக்டரிடம் நான் கேட்டேன்: "நாடி 78 இருந்துச்சே டாக்டர், ரெண்டு விதமாவும் பார்த்தோமே?" அவர் கோபப்படவில்லை. "78 சரியாத்தான் இருந்திருக்கும். மாரடைப்பு வந்தா நாடி ஏறலாம், இறங்கலாம், அப்படியேயும் இருக்கலாம். அடைப்பு இருக்கான்னு அந்த வாட்ச்சைக் கேட்டா அதுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒண்ணரை மணி நேரம் லேட்டு" என்றார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வாட்ச் தப்பாகக் காட்டின அன்று நாலாயிரம் ரூபாயோடு போயிற்று. சரியாகக் காட்டின அன்று அல்லவா எங்கள் அண்ணியை இழக்கப் பார்த்தோம்!

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராதாம். நெஞ்சுவலியோடோ, அது பெரிதாகத் தெரியாமலோ, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மேல் வயிற்று எரிச்சல், மூச்சு வாங்கல், காரணமில்லாத வேர்வை, தாங்க முடியாத அசதி என்று வரலாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு வலியே மங்கித் தெரியலாம். அந்த நேரத்தில் நம்பர் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழைக்க வேண்டும். கேஸ் என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிடலாம். இதை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் என் மகள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

வாட்ச்சைத் தூக்கிப் போட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. காலையில் எழுந்ததும், காப்பி குடிக்குமுன், படுக்கையிலேயே உட்கார்ந்து அதில் ஒரு தரம் பார்த்துக் காலண்டரில் எழுதிவிடுகிறேன். வழக்கமாக 70, 72. ஒரு முறை இரண்டு நாளாக 80-க்கு மேல் இருந்தது. மூன்றாம் நாள் வைரல் ஜுரம் வந்து படுத்தேன். அந்த மட்டில் அதற்கு ஒரு உபயோகம் இருக்கிறது. நடக்கும்போது அதை நான் பார்ப்பதே இல்லை. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா, அந்த வேகம் போதும். பேச முடிந்தாலும் பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு எப்போதுமே பாட வராது, அதனால் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பூக்கடை ஆயாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை என்னைக் கண்டால், "எனக்கும் கையைப் பாரு கண்ணு" என்று நீட்டுகிறார். வியாபாரத்துக்கு நடுவே அரை நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்வதுதான் கஷ்டம். போன வாரம் 76. அத்தோடு மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண்ணிடம் பிரஷரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, முழங்கையை மடக்கி எனக்கு இரண்டு முழம் மல்லி அளந்தார். ஆயாவின் கை குட்டைக் கை. வீட்டுக்கு வந்து என் கையால் அளந்து பார்த்தால் ஒன்றே முக்கால்தான் இருந்தது.